கரைச்சல் இல்லை என்று நான் சொன்னது

எனக்கு எழுத்து வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கடைக்குத் துண்டு எழுதியதும், ஆஸ்பத்திரியில் கையெழுத்து வைத்ததும்தான். மறதியும் இருக்கிறது. முன்னுக்கு நடந்ததைப் பின்னுக்கு எழுதியிருந்தால் குறை நினைக்க வேண்டாம். ஆத்திரத்தில் எழுதுகிறேன், அதனால் இன்னும் கூடக் கோணலாக வரும்.

நான் கொழும்பில் கொட்டாஞ்சேனையில் இருக்கிறவள். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில், வேலைக்குப் போகிற மூன்று பெண்பிள்ளைகள் சேர்ந்து வீடு எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சமைத்துக் கொடுப்பது என் வேலை. காலையில் கொட்டாஞ்சேனையில் ஒரு பஸ், புறக்கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ். பின்னேரம் அதே மாதிரித் திரும்பி வருவேன்.

அந்த மூன்று பேரில் ஒருத்தி இஞ்சினியர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வீதியும் பாலமும் கட்டப் படித்தவள். ஆனால் அவள் பிடித்துக்கொண்டு நின்றது பஸ்ஸை. வீதிக்கு ஒதுக்குகிற காசில் பஸ்ஸில் போகிற சனத்துக்கு ஒரு பங்கு வேண்டும் என்று, கடிதம் எழுதுவதும், அரசாங்கக் கந்தோர் கந்தோராகப் போவதும், கூட்டத்தில் எழும்பி நின்று கதைப்பதுமாக இருந்தாள். மற்ற இரண்டு பேரும் பகிடி பண்ணுவார்கள்.

“இவளைக் கட்டுறவன் சீதனமா ஒரு பஸ் ஹோல்ட் கேக்க வேணும்.”

“கூரையோட கேக்கச் சொல்லு,” என்பாள் அவள், சிரிக்காமல்.

போன வருடம் நான் புறக்கோட்டையில் விழுந்தேன். பஸ்ஸின் கீழ்ப்படி என் முழங்காலுக்கு மேலே. ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்து, மற்றக் காலை எடுக்க முதல் பஸ் வெளிக்கிட்டுவிட்டது. சனம் தூக்கி ஓரத்தில் இருத்தியது. பஸ் நிற்கவில்லை. வலது மணிக்கட்டில் எலும்பு உடைந்து, பிளாஸ்டர் போட்டு, வெட்டின பிறகும் கை முழுதாகத் திரும்பவில்லை. இடியப்ப உரலைப் பிழிய முடியாது. அந்த வீட்டில் நான் சொன்னது குளியலறையில் வழுக்கினது என்று. பஸ்ஸில் ஏற மாட்டாதவள் என்று தெரிந்தால் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்று பயம். அன்றிலிருந்து இடியப்பம் கடையில் வாங்கினார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் வெட்கம்.

ஒரு பின்னேரம் இஞ்சினியர்ப் பிள்ளை என்னோடு காலி வீதி வரை நடந்து வந்தாள். நான் பஸ் நிற்கிற ஹோல்டில் நின்றேன். ஒரு பஸ் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதும்.

“ஏன் அன்ரி ஏறேல்லை? எல்லாம் புறக்கோட்டைதானே.”

“அது உயரம், பிள்ளை.”

“எல்லாம் ஒரே உயரம்தான்.”

“இல்லை. சிலது கல்லுக்குக் கிட்ட வந்து நிக்கும். கல்லில நிண்டா ஏறலாம். நடு ரோட்டில நிக்கிறதில ஏலாது.”

அவள் வீதியோரக் கல்லைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள்.

“அப்ப இந்தக் கை?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. புறக்கோட்டையில் விழுந்ததைச் சொன்னேன். அவள் பையில் இருந்து அளவு நாடாவை எடுத்தாள். அடுத்த பஸ் வந்து நின்றதும் வீதியில் குந்தியிருந்து படியை அளந்தாள். நடத்துனர் பெடியன் தலையை நீட்டி, “மிஸ், பஸ் எக கன்னத யன்னே?” என்று சிங்களத்தில் கேட்டான், பஸ்ஸை வாங்கப் போகிறீர்களா என்று. பஸ்ஸில் இருந்த சனம் சிரித்தது.

“நீங்கள் மூண்டு பஸ்ஸை விட்டுட்டு நிக்கிறீங்களே, அன்ரி, அதுதான் என்ரை திட்டம் முழுக்க,” என்றாள் அவள் எழும்பி. ஹோல்டின் தரையைப் படியின் மட்டத்துக்கு உயர்த்த வேண்டும், மேலே கூரை போட வேண்டும், தாழ்ந்த படி வைத்த பஸ் கொஞ்சம் வாங்க வேண்டும். இவ்வளவுதான் அவள் கேட்டது. அந்தப் பகுதிக்கு ஒரு தொகை வந்திருந்தது. அதை இதற்குக் கொடுப்பதா, கடைப் பக்கத்தில் கார் விட மாடி மாடியாக ஒரு கட்டடம் கட்டுவதா என்று ஒரு கந்தோரில் முடிவு எடுக்க இருந்தார்கள். முடிவுக்கு முதல் சனத்தைக் கூப்பிட்டுக் கேட்பார்களாம்.

“நான் எவ்வளவு அளந்து காட்டினாலும் தலையாட்டிப்போட்டு விட்டுடுவினம். விழுந்த ஆள் வந்து சொல்ல வேணும். வருவீங்களோ?”

எனக்கு நாலு பேருக்கு முன்னால் கதைத்துப் பழக்கமில்லை. கோயிலில்கூடத் தூணுக்குப் பின்னால்தான் நிற்பேன். ஆனாலும் ஓம் என்றேன். மூன்று நாள் குசினியில் வைத்து எனக்குச் சொல்லித் தந்தாள். விழுந்தனான். பஸ் நிக்கேல்லை. கை திரும்பாது. மூன்றே வசனம்.

கூட்டம் நடந்த மண்டபத்தில் குளிரூட்டி போட்டிருந்தார்கள். கார்க் கட்டடம் கேட்டு வந்தவர்கள் முன் வரிசை. நன்றாகக் கதைத்தார்கள், படம் எல்லாம் காட்டினார்கள். பிறகு தெஹிவளையில் இருந்து வந்த ஒருவர், கக்கத்தில் கட்டை வைத்து நடக்கிறவர், எழும்பி நின்று பஸ்ஸில் தான் படுகிற பாட்டை நீளமாகச் சொன்னார். சபை முழுதும் கேட்டது. அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

மேசையில் இருந்த அதிகாரி கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. மெதுவாகத்தான் கேட்டார், சிங்களத்தில். கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு முதலில் பெயர் கேட்டார். விலாசம் கேட்டார். அடையாள அட்டை இலக்கம் கேட்டார். கொழும்பில் எவ்வளவு காலம் என்று கேட்டார். அதோடு எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பிறகு தலையை நிமிர்த்தி, “அம்மாட்ட கரதரயக் தியனவாத?” என்றார். ஏதும் கரைச்சல், சிரமம் இருக்கிறதா என்று.

“நே மாத்தயா,” என்றேன். “கிசி கரதரயக் நே.” ஒரு கரைச்சலும் இல்லை ஐயா. அதோடு நின்றேனா, இல்லை. பஸ் எல்லாம் நல்லது, கொண்டக்டர் பெடியள் நல்ல பெடியள் என்றும் சொன்னேன். முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு பிள்ளையைப் பார்த்து, “மிஸ், நீங்கள் கூட்டிக்கொண்டு வந்த ஆளே இப்படிச் சொல்கிறாரே,” என்றார், அதுவும் சிங்களத்தில், சிரித்துக்கொண்டு.

பிள்ளை காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டி அடுக்கினாள்.

வெளியில் வந்து ஹோல்ட் வரைக்கும் அவள் முன்னால் நடந்தாள். அங்கே போய்த்தான் திரும்பினாள்.

“மூண்டு வசனம், அன்ரி. மூண்டே மூண்டு.”

நான் கல்லில் ஏறி நின்றேன்.

“கொண்டக்டர்மாருக்கு நற்சான்றிதழ் குடுக்கவோ உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனான்?”

“அவர் ஐடென்டிட்டி நம்பர் கேட்டவர், பிள்ளை.”

“எல்லாரிட்டையும் கேட்டவர். என்னட்டையும் கேட்டவர்.”

“உன்னட்டைக் கேக்கிறது வேறை.”

“என்ன வேறை? அந்தச் சண்டையெல்லாம் முடிஞ்சு எவ்வளவு காலம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உனக்கு முடிஞ்சிருக்கும்,” என்றேன். அந்த ஹோல்டில் நின்ற சனம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. எனக்கு அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஒருவருக்கும் சொல்லாத கதையை அவளுக்கு அங்கே வைத்துச் சொன்னேன்.

சோதனைச் சாவடி இருந்த காலத்தில், எங்கள் வீதி முனையில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கி வெயிலில் நிறுத்துவார்கள். ஒரு நாள் கோப்போடு ஒருவர் வந்து, பெயர், விலாசம், அட்டை இலக்கம் எல்லாம் கேட்டுவிட்டு, இதனால் உங்களுக்கு ஏதும் கரைச்சலா என்று என் மனிசனை, என்னைக் கட்டினவரை, கேட்டிருக்கிறார். மெதுவாகத்தான் கேட்டிருக்கிறார். இவர் அச்சுக்கூடத்தில் வேலை செய்த சாதுவான மனிதர். கேட்கிறார்களே என்று நம்பி, வயது போனதுகள் வெயிலில் நிற்குது, கொஞ்சம் நிழல் இருந்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். பஸ் மற்றவர்களோடு போய்விட்டது. இவர் வீட்டுக்கு வந்தது அடுத்த நாள் பின்னேரம். என்ன நடந்தது என்று சாகும் வரை சொல்லவில்லை. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில், கரதரயக் நே மாத்தயா. எனக்கும் அதுதான். மின்சார மீற்றர் பார்க்க வருகிறவருக்கும், தண்ணியில் நுளம்பு பெருகுதா என்று பார்க்க வருகிறவருக்கும் அதையேதான் சொல்லி வந்திருக்கிறேன்.

பிள்ளை முழுதையும் கேட்டாள். மன்னிப்புக் கேட்கவில்லை. “இதை அங்கை சொல்லியிருக்கலாமே,” என்றாள். எனக்கு இன்னும் கோபம் வந்தது. அவளுக்கும் தீரவில்லை. பஸ் வந்தது, கல்லில் இருந்து எட்ட, நடு ரோட்டில் நின்றது. நான் கம்பியைப் பிடித்தேன். அவள் பின்னால் வந்து, இரண்டு கையாலும் என் முதுகைத் தாங்கி மேலே தள்ளினாள். நடத்துனர், “இக்மனட்ட அம்மே, இக்மனட்ட,” என்று அவசரப்படுத்தினான்.

சில கிழமை கழித்து அறிக்கை வந்தது. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பிள்ளை குசினி மேசையில் அதை வைத்து எனக்குத் தமிழில் சொன்னாள். பஸ் சேவையில் சிரமம் ஏதும் இல்லை என்று பயணிகள் தெரிவித்தார்களாம். ஆகையால் கார்க் கட்டடத்துக்கு முதலிடம் கொடுக்கலாமாம்.

“பயணிகள் எண்டா ஆர்?” என்று கேட்டேன்.

“நீங்கள்தான் அன்ரி.”

“அந்தக் கட்டை வைச்சு நடக்கிறவர் சொன்னது?”

“அது இதில இல்லை.”

இரண்டு தரம் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு தரமும் இல்லை.

அது வரைக்கும் நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். சரி, வாய் இருந்தும் ஊமையாக நின்றேன், அது என் பிழை. ஆனால் அந்த மனிதர் ஊமையாக நிற்கவில்லையே. அந்தக் குளிரிலும் வியர்வை வடிய நின்று, ஒரு கால் நடுங்க நடுங்க எல்லாவற்றையும் சொன்னாரே. அவர் சொன்னது அவர்களுக்குக் கேட்கவில்லை, நான் பயத்தில் சொன்ன பொய் மட்டும் கேட்டதா? ஒரு கிழவியின் நடுக்கத்தை எடுத்து, அதைப் பயணிகள் என்று எழுத யார் இவர்களுக்குச் சொன்னது? அன்று என் கை அந்த அதிகாரியின் மேசையில்தான் இருந்தது. கொஞ்சம் எட்டிப் பார்த்திருந்தால் கோணல் தெரிந்திருக்கும். அந்த மண்டபத்தின் கீழே அவர்களுடைய கார்கள் வரிசையாக நின்றதை நான் கண்டேன். அந்த மேசையில் இருந்தவர்களில் ஒருவராவது காலை எட்டு மணிக்குப் புறக்கோட்டையில் பஸ் ஏறியிருந்தால், அட்டை இலக்கம் கேட்டு என்னிடம் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை வந்திருக்காது.

கீரையை அப்படியே விட்டுவிட்டு, “இனி என்ன செய்யலாம்?” என்று கேட்டேன்.

அவள் ஏற்கெனவே ஆட்சேபம் எழுதிப் போட்டுவிட்டாள். காசுக்கு இன்னும் கையெழுத்தாகவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டுக் கேட்க ஒத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

“நான் வாறன்.”

“வேண்டாம் அன்ரி. நீங்கள் வந்தா திரும்பவும் அவைக்குத்தான் லாபம்.”

உறைப்பாகத்தான் சொன்னாள். நான் பேச்சு வாங்க வேண்டியவள், வாங்கிக்கொண்டேன்.

“எழுதிக்கொண்டு வாறன். பேப்பரைப் பார்த்து வாசிச்சா வாய் மாறாது.”

“வாசிக்கேக்கை அந்த அதிகாரியின்ரை முகத்தைப் பாக்காதேங்கோ,” என்றாள். பிறகு அறைக்குள் போய்ப் புதுக் கொப்பி ஒன்றும் பேனையும் கொண்டுவந்து தந்தாள்.

எழுத எழுத மூன்று வசனம் இவ்வளவாக நீண்டுவிட்டது. எல்லாவற்றையும் அங்கே வாசிக்க விடமாட்டார்கள். வாசிக்க வேண்டிய இடத்துக்குக் கீழே பிள்ளை கோடு போட்டுத் தந்திருக்கிறாள். என் மனிசனின் கதைக்கும் கோடு போட்டிருக்கிறாள். முதலில் வேண்டாம் என்றேன். பிறகு விட்டுவிட்டேன். அவர் நிழல் கேட்டதற்குத்தானே அவ்வளவும் நடந்தது, அதை அவர்கள் கேட்கட்டும்.

ஒரு உதவி வேண்டும். ஒரு சின்னப் பிழை கண்டால் அதைப் பிடித்துக்கொண்டு முழுதையும் தள்ளிவிடுவார்கள். எனக்குச் சிங்களம் காதில் விழுந்த அளவுக்குத்தான் தெரியும். அன்று அந்த மண்டபத்தில் இருந்த யாராவது இதை வாசித்தால், அதிகாரி கேட்டதையும், பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சொன்னதையும் நான் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பாருங்கள். அவர் சொல்லாத ஒரு சொல்லை அவர் மேல் போட எனக்கு விருப்பமில்லை. தெஹிவளையில் இருந்து வந்தவர் எனக்கு முதல்தான் கதைத்தாரா, பிறகா என்பதையும் பார்க்க வேண்டும். முதல் என்றுதான் எனக்கு நினைவு. பிழை இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு முன்னம் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள், வெட்டித் திருத்தி எழுதுகிறேன்.