மூலத்தில் இல்லாத வரி

பேய், ஆவி, அருள்வாக்கு எதையும் நான் நம்பியதில்லை, இன்றைக்கும் நம்புவதில்லை. அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், பிறகு குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

எழுபதுகளின் நடுவில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையோரம், ஒரு சின்ன சார்பதிவாளர் ஆபீஸில் நான் நகல் எழுத்தன். பதிவாகிற ஒவ்வொரு பத்திரத்தையும் எழுத்துக்கு எழுத்து தடித்த புத்தகத்தில் கையால் எழுதிவைக்க வேண்டிய காலம் அது. எழுதி முடித்ததும் கூட வேலை செய்கிறவர் மூலப் பத்திரத்தை உரக்கப் படிப்பார், நான் புத்தகத்தில் வரிக்கு வரி விரல் வைத்துக்கொண்டே போவேன், இரண்டும் ஒன்று என்று தெரிந்த பிறகு இருவரும் கையெழுத்துப் போடுவோம், அதற்குப் பிறகுதான் பத்திரம் உரியவர் கைக்குப் போகும். என் கை தப்பாது என்று ஆபீஸில் பேர். கர்வம்தான், இருக்கட்டும். கை எழுதிக்கொண்டே இருக்கும், மனம் எழுந்து அலைக்குப் போய்விடும், உப்புக்காற்று வந்து மையைக் காயவைக்கும், பக்கம் புரளும், அடுத்த நிலம், அடுத்த நான்கு எல்லை.

மீன் விற்கிற கன்னியம்மாவின் பத்திரம் அப்படி வந்ததுதான். புருஷன் கடலோடு போய்விட்டான். குடிசை இருந்த மணல் மனையை மாமனார் அவள் பேருக்கு எழுதிவைத்தார், பெருவிரல் ரேகை வைத்தார். நான் நகல் எழுதினேன். கூட வேலை செய்த வரதன் படித்தார், நான் சரிபார்த்தேன், கையெழுத்துப் போட்டோம். மத்தியானம் இரண்டு மணி, நல்ல வெயில். வேறொன்றும் இல்லை.

ஒரு வருஷம் போயிருக்கும். குடிசைக்கு வடக்கே இருந்த சவுக்குத் தோப்பை மெட்ராஸ்காரர் ஒருவர் பங்களா கட்ட வாங்கினார். அவருடைய புரோக்கர், குடிசையே தோப்புக்குள்தான் நிற்கிறது, பிரித்துக்கொண்டு போ என்று கன்னியம்மாவுக்குக் கெடு வைத்தான். அவளை ஒரேயடியாக மடக்க அவள் பத்திரத்தின் நகலுக்கு மனுப் போட்டதும் அவனேதான். நகலை வாங்கிப் படித்தவன் என் மேஜையில் ஓங்கித் தட்டினான்.

"இன்னா ரைட்டரே, மீன்காரி கைல எவ்ளோ வாங்கின? இந்தக் கெணறு எங்கேர்ந்துயா வந்துச்சி?"

புத்தகத்தைப் புரட்டினேன். வடக்கு எல்லையில், என் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் எதுவும் இல்லாமல் இருந்தது: 'தூர்ந்து கிடக்கும் பதினோரு உறைக் கிணற்றுக்கும், அதற்கு அப்பால் உள்ள சவுக்குத் தோப்புக்கும் தெற்கு.' கன்னியம்மாவின் மூலப் பத்திரத்தை வரவழைத்துப் பார்த்தால் 'சவுக்குத் தோப்புக்குத் தெற்கு' என்று மட்டும்தான். கிணறு இல்லை. நம்பினால் நம்புங்கள், இரண்டு வரிக்கு இடையில் ஒரு மயிரிழை நுழைக்க இடமில்லாத பக்கம் அது, பிற்பாடு செருகியிருக்கவே முடியாது.

விஷயம் செங்கல்பட்டுக்குப் போனது. அங்கிருந்து பெரிய அதிகாரி விசாரணைக்கு வந்தார். வரதனைக் கேட்டார். வரதன் வியர்த்துப்போய், "கையெழுத்து என்னுதுதான் சார். தினமும் இருபது பத்திரம் படிக்கிறேன், கெணறு கிணறெல்லாம் ஞாபகம் இல்ல சார்" என்றார். மாமனாரைக் கேட்டார். "கெணறா? நான் அத்த வாங்கி முப்பது வருசம் ஆவுது சாமி, மணல்தான் கீது. நான் எதுக்குச் சொல்லப் போறேன்?" என்றார் கிழவர். என் வேலை அன்றைக்கே போயிருக்கும். கன்னியம்மாதான் விடவில்லை.

"எய்திகீது இல்ல சார்? எய்தினது தப்புன்னா தோண்டிப் பாத்துட்டு அப்பால தப்புன்னு சொல்லு. இல்லாங்காட்டி நானே என் வூட்ட பிரிச்சிக்கினு போறேன்."

புரோக்கர் சிரித்தான். "தோண்டு நைனா, தோண்டு. எண்ணெ வந்தாலும் வரும்."

குடிசைக்கு வடக்கே பத்தடி தள்ளி, சவுக்குக் கட்டைகளுக்கு நடுவில், குப்பத்து ஆட்கள் நான்கு பேர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். முழங்கால் அளவு மணல், இடுப்பளவு மணல், தோண்டத் தோண்டச் சரிகிற மணல். மார்பளவில் மண்வெட்டி 'டங்' என்றது. வட்டமாகச் சுட்ட மண் உறை. அதன் கீழ் இன்னொன்று. தோப்பை விற்ற முனுசாமியும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார், அந்த உறையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடங்கொப்புரான! கெணத்துக்கு வடக்கதான் நம்ம தோப்புன்னு எங்க நைனா சொல்லும். நான் கெணத்தையே பாத்தது இல்ல, கதெ வுடுதுன்னு நெனச்சேன்." விற்றவரே ஊரறிய அப்படிச் சொன்ன பிறகு புரோக்கர் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான். மறுநாளும் தோண்டினார்கள். உறைகளை ஊரே எண்ணியது. பதினோராவதற்குக் கீழே களிமண், களிமண்ணில் ஊறிய தண்ணீர், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இளநீர் மாதிரித் தண்ணீர். கன்னியம்மா ஒரு சொம்பு மொண்டு முதலில் என்னிடம்தான் நீட்டினாள். "குடி சாரு, நீ எய்தின தண்ணி."

அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலையே ஆபீஸில் என்னைத் தனியாக நிறுத்தினார். "கிணறு இருக்கட்டும். இந்த வரி உம் இஷ்டத்துக்கு நீர் சேர்த்தது என்றால் நான் இதை அடிக்க வேண்டும், உம்மையும் அனுப்ப வேண்டும், நாளைக்கே அந்தப் புரோக்கர் அதைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவான். ஒன்று மட்டும் சொல்லும். ஒப்பிட்டபோது இந்த வரி வாசிக்கப்பட்டதைக் காதால் கேட்டீரா?"

"கேட்டேன் சார்" என்றேன்.

பொய் இல்லை. எந்தச் சாமி முன்னாலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன். வார்த்தை வார்த்தையாக, நிதானமாக, என் விரல் நகர்ந்த வேகத்துக்குச் சரியாக அந்த வரி வாசிக்கப்பட்டது. ஆனால் 'கேட்டேன்' என்று வாய் சொன்ன அந்த நொடியில்தான் அந்த மத்தியானம் முழுசாக என் கண் முன்னால் வந்து நின்றது. வரதன் வெற்றிலைச் சாற்றைத் துப்ப எழுந்து போய், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். மேஜையில் பத்திரம் மடங்கிக் கிடக்கிறது. வாசிப்பு நிற்கவில்லை.

அதிகாரி தலையாட்டி, வரியை அடிக்காமல் ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். வாசித்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.