தண்ணீரைப் பார்க்காத கல்

பார்வதம்மா எந்தக் கல்லையும் நனைக்காமல் பார்க்க மாட்டாள். மாரிகுப்பத்தில் சுரங்கத்து வாசலில் கல் பொறுக்குகிற வேலை அவளுக்கு. கீழேயிருந்து வந்து கொட்டும் கல்லின் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்தால்தான் அதன் நிறம் தெரியும். பொன் இருக்கிற கல் ஒரு குவியல், வெறும் கல் ஒரு குவியல். பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப் போயிருந்தன. வட ஆற்காட்டிலிருந்து கூட வந்த புருஷனை ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழி விழுங்கிவிட்டது. பிள்ளை இல்லை. சுரங்கத்துக் கூலிக்காரர்களுக்கு வரிசையாய்க் கட்டிவிட்ட லைன் வீட்டில் ஒண்டிக்கட்டை. வாய் மட்டும் நாலு பேருக்குக் காணும்.

1897 பங்குனியில் ஒரு மத்தியானம், பொட்டு மேகமில்லாத வானம் இடித்தது. சுள்ளி பொறுக்கப் போயிருந்தவளுக்குப் பத்தடி தள்ளி மண்ணில் வந்து புதைந்தது ஒரு கல். கூட இருந்தவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். இவள் போய்க் குனிந்து பார்த்தாள். தேங்காய் அளவு இருந்தது. மேலே கரி பிடித்த சட்டி போலக் கறுப்புத் தோல். ஒரு மூலை சிதைந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் வெள்ளி வெள்ளியாய்ப் பொட்டுகள் மின்னின.

"என்னைத் தேடிக்கினு இத்தினி தூரம் வந்துக்கீது" என்றாள்.

அவளை விட்டுப் போனவர்களைத்தான் அவளுக்குத் தெரியும். அவளிடம் வந்தது இது ஒன்றுதான்.

பிரியம் வைத்தால் என்ன செய்வாள்? தெரிந்ததைத்தான் செய்தாள். ஷிப்ட் முடிந்து வந்ததும் கல்லைக் குளிப்பாட்டுவாள். ஈரத்தில் அந்தப் பொட்டுகள் பளிச்சென்று சிரிக்கும். அதைப் பார்த்தால்தான் சோறு இறங்கும்.

முதல் மழைக்காலத்திலேயே பொட்டுகளைச் சுற்றிப் பழுப்பு கட்டியது. அடுத்த வருஷம் கறுப்புத் தோல் மங்கி, வெள்ளையாய் ஏதோ பூத்து, மயிரிழை போல விரிசல் விட்டது. அழுக்கு என்று நினைத்து இரண்டு வேளை கழுவினாள். மூன்றாம் வருஷம் கல் உப்பி, தொட்ட இடமெல்லாம் பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது. தாலியறுத்தவள் கை பட்ட பாவம் என்றார்கள் லைன் ஜனங்கள். ஒன்றுக்கு இரண்டாய்த் திருப்பிக் கொடுத்தாள். ஆனாலும் உள்ளுக்குள் ஆடிப்போனாள். இதுவும் போய்விட்டால்?

மிஞ்சியதை முந்தானையில் கட்டிக்கொண்டு சிரிலிடம் போனாள். கல்லை உருக்கிப் பொன் பார்க்கும் கூடத்தில் வேலை செய்கிறவன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், புஸ்தகப் பைத்தியம்.

"இன்னாக்கா பண்ணீங்க இத?"

"தெனம் கழுவினேன் தம்பி. ஷாஃப்டுலருந்து பம்பு வெச்சி எறைக்கிற தண்ணிலதான்."

"அது உப்புத் தண்ணியாச்சே!" சிரில் காந்தத்தைக் கல்லருகே கொண்டுபோனான். துகள்கள் எழுந்து ஒட்டிக்கொண்டன. "மின்னினது இரும்புக்கா. மேகத்துக்கும் அப்பால வானத்துல தண்ணி ஏது, காத்து ஏது? அதான் அங்க இருந்தவரைக்கும் துருவே ஏறல. இந்தக் கல்லு நம்ம மலைங்களுக்கும் முந்தினதா இருக்கலாம்."

"அத்தினி காலமும் மழையே பாக்கலியா?"

"ஒரு சொட்டு பாக்கல. பாலைவனத்துல விழுந்திருந்தா எத்தினியோ தலைமுறைக்குக் கெடக்கும். அங்கயும் பனியும் உப்பும் விரிசல்ல பூந்து மெள்ள மெள்ளத் தின்னும். நீங்க மூணே வருசத்துல..."

பார்வதம்மா கல்லை உற்றுப் பார்த்தாள். மலைகள் பிறக்கும் முன்பிருந்து ஒரு சொட்டு ஈரம் படாமல் அலைந்த கல் அது. அது கண்ட முதல் தண்ணீர் தன் உள்ளங்கைத் தண்ணீர். நினைக்க நினைக்கப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"எதுனா மிச்சம் கீதா, பாரேன்" என்று கெஞ்சினாள்.

சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினான். பழுப்பு ஏடு ஏடாய் உதிர்ந்து, நெல்லிக்காயளவு நடுப்பகுதி மட்டும் நின்றது. சாம்பல் நிறம் மாறவில்லை. அதில் ஒரே ஒரு பொட்டு, விழுந்த அன்று மின்னியது போலவே மின்னியது.

"மெழுகுல முக்கி வெச்சிட்டா ஈரம் பூராது. அதுக்கு முந்தி நல்லாப் பாத்துக்குங்க." உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

அவள் குனிந்தாள். கண் நிறைந்து தளும்பியது. சிரில் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

"தள்ளி நில்லுங்கக்கா. கண்ணீரும் உப்புத் தண்ணிதான்."

பார்வதம்மா சட்டென்று பின்வாங்கினாள். சுவரோரமாகப் போய், கல்லுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு அழுது முடித்தாள்.