ரேடியோ கடையின் விரிவாக்கத் திட்டம்

அந்தச் சலூனுக்கு முறையான பெயர்ப்பலகை ஒன்று உண்டு. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எல்லாருக்கும் அது ரேடியோ கடைதான். உள்ளே ரேடியோ எதுவும் கிடையாது, கடைக்காரர்தான் ரேடியோ. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஆரம்பிக்கிற பேச்சு, விளக்கை அணைத்துப் பூட்டும்வரை ஓயாது. வீட்டுக்குப் போனபிறகாவது ஓயுமா என்று அவர் மனைவியைக் கேட்டால், அந்த அம்மாள் தலையில் கை வைத்துக்கொள்வார்.

யாருக்கு முட்டி வலி, யார் வீட்டில் மாடி எடுக்கிறார்கள், எந்த மாமியார் எந்த மருமகளோடு பேசுவதில்லை, எல்லாம் அவருக்கு அத்துப்படி. கூச்சநாச்சமே இல்லாமல் கேட்பார். கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருடையது, இன்னொன்று அவர் தம்பியுடையது. தம்பி நாற்காலியில் உட்கார்ந்தவரிடமும் பேசுவது அண்ணன்தான். தம்பி பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருப்பான்.

ஆனால் அவன் வெட்டினால் வெட்டுதான். அண்ணன் நாற்காலி காலியாகக் கிடந்தாலும் இளவட்டங்கள், "பரவால்லண்ணே, வெயிட் பண்றோம்" என்று பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்வார்கள். ரேடியோவுக்கு அது சுருக்கென்றுதான் இருக்கும். இருந்தாலும் கடை ஓடுவது தம்பியின் கையால்தான் என்பதை அவர் மறுத்ததே இல்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொல்லியிருக்கிறார், தம்பியிடம் தவிர.

இந்த நிலையில்தான் எதிர்ப்புறம் கண்ணாடிக் கதவும் ஏசியுமாகப் புதுச் சலூன் ஒன்று முளைத்தது. ஒருநாள் அதன் முதலாளி, தெருமுனை டீக்கடையில் தம்பியின் தோளில் கை போட்டுக்கொண்டு பேசுவதை ரேடியோ பார்த்துவிட்டார். ஆளை இழுக்கப் பார்க்கிறான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தம்பி போய்விட்டால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். தம்பி இல்லாத அந்தக் கடையில் தான் மட்டும் நிற்பதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"என்னடா சொன்னான் அந்த ஆளு?" என்று கேட்டால் முடிந்தது விஷயம். ஊரான் வீட்டுக் கதையெல்லாம் கேட்கிற வாய்க்கு இது மட்டும் வரவில்லை. 'ஆமாம், போகிறேன்' என்று அவன் சொல்லிவிட்டால்? அதனால் மனுஷன் கேள்வி கேட்பதை விட்டுவிட்டுத் திட்டம் போட்டார். பின்பக்கச் சாமான் அறையின் சுவரை இடிப்பது, ஏசி போடுவது, படுக்கிற மாதிரி சாய்கிற நாற்காலிகள் வாங்குவது, முகத்துக்கு ஆவி காட்டும் மெஷின் வைப்பது. அப்படி ஒரு கடையை விட்டுவிட்டு எவனாவது எதிர்க்கடைக்குப் போவானா?

"எதுக்கும் ஏஐகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க" என்றார் மனைவி. அவர் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்ப்பவர். "எங்க ஆபீஸ்ல இப்ப எதுக்கெடுத்தாலும் அதைத்தான் கேக்குறாங்க." கணவர் போனில் ஒரு ஏஐயைப் போட்டுக் கொடுத்தார்.

டைப் அடிக்கப் பொறுமை இல்லாததால், ரேடியோ போனைக் கண்ணாடிக்குக் கீழே பவுடர் டப்பாவில் சாய்த்துவைத்து, முடி வெட்டிக்கொண்டே, 'என் தம்பி எங்கேயும் போகமாட்டான்' என்பதையும் நடுவில் சேர்த்து, திட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார். கடையில் இருந்த அத்தனை பேர் பேச்சும் கூடவே உள்ளே போனது. கடைசியில் அது செய்தி வாசிப்பவர் தமிழில் தொகுத்துச் சொன்னது: "அருமையான திட்டம். ஒன்று, சுவரை அகற்றுதல். இரண்டு, நவீன நாற்காலிகள். மூன்று, காதுக்கு மேலே நன்றாகக் குறைத்தல். நான்கு, சம்பந்தி வீட்டாரை நம்பாதிருத்தல்."

மூன்றும் நான்கும் யாருடையவை என்று கண்டுபிடித்து நீக்கவே அரைமணி நேரம் ஆனது. ஆனாலும் 'அருமையான' என்ற சொல் அவருக்கு இனித்தது. சாயங்காலம் மனைவியிடம் போட்டுக் காட்டினார்.

அந்த அம்மாள் போனில் இருந்தது வேறு ஒரு ஏஐ. அவர் அதனிடம், "என் வீட்டுக்காரர் ஒரு திட்டம் போட்டிருக்கார். எனக்கு என்னவோ சரியாப் படல" என்று ஆரம்பித்தார். "உங்கள் கவலை மிகவும் நியாயமானது" என்றது அது.

"பாத்தியா! உன் போன் உனக்கு ஒத்து ஊதுது" என்றார் ரேடியோ.

"உங்க போன் மட்டும் என்ன பண்ணுச்சாம்?"

அன்று இரண்டு பேரும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். போன்கள் மட்டும் கடைசிவரை மரியாதையாகவே பேசின.

மறுநாள் காலையில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் சவரத்துக்கு வந்து தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்தார். யார் வீட்டில் என்ன கெட்டது நடக்கலாம் என்று யோசிப்பதே அவர் பிழைப்பு. முகம் முழுக்க நுரையோடு ரேடியோவின் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நல்லா இருக்கான்னு கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்லும். இப்படிக் கேளுங்க. ஒரு வருஷம் கழிச்சுக் கடையை மூடியாச்சு. எதனால மூடுச்சுன்னு சொல்லுன்னு கேளுங்க."

"காலங்காத்தால என்ன பேச்சு இது? கல்லாப்பெட்டி முன்னாடி நின்னுக்கிட்டு மூடியாச்சுன்னு நான் சொல்லணுமா?" ரேடியோ கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். "வேணும்னா உங்க வாயாலயே சொல்லுங்க."

ஏஜென்டுக்கு அதில் கஷ்டமே இல்லை. நுரை தெறிக்கத் தெறிக்கப் போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "பூசி மெழுகாம சொல்லு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

போன் நிதானமாக ஆரம்பித்தது. "நீங்கள் எதிர்க்கடையைப் போலவே இன்னொரு கடையைக் கட்டினீர்கள். அந்தச் சொகுசு வேண்டும் என்றவர்கள் ஏற்கெனவே அங்கே போயிருந்தார்கள். உங்களிடம் வந்தவர்கள் வேறு எதற்கோ வந்தவர்கள்."

"அதானே!" என்றது பெஞ்ச்.

"சுவரை இடிக்கும்போது கடை மூடிக் கிடந்தது. அந்த நாட்களில் உங்கள் வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். அவர்களைத் திரும்ப அழைக்க உங்கள் திட்டத்தில் வழி இல்லை."

இதை ரேடியோ யோசிக்கவே இல்லை.

"எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம், உங்கள் தம்பி. திட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லியிருக்கிறீர்கள். 'என் தம்பி எங்கேயும் போகமாட்டான்' என்பதற்கு மட்டும் எந்தக் காரணமும் சொல்லவில்லை. முழுத் திட்டமும் அதன்மேல்தான் நிற்கிறது. அவரிடம் கேட்டீர்களா?"

தம்பியின் கையிலிருந்த சவரக் கத்தி ஏஜென்டின் தாடைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. ஏஜென்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பெஞ்சில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பழைய பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்கள். ரேடியோ போனை எட்டி அணைத்தார். கடை அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

"கேக்கலியே" என்றான் தம்பி.

ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். எதிர்க்கடை, ஏசி, ஆவி மெஷின், எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. அத்தனையையும் முழுங்கிவிட்டு, "போறியாடா?" என்றார்.

தம்பி கத்தியைத் துடைத்து மடக்கி வைத்தான். "கூப்பிட்டான். சம்பளம் நல்லாதான் குடுக்கறேங்கறான். ஆனா எனக்கு அது பெருசா படலண்ணே. அங்கே போனா நான் வெட்டுற ஆள்கிட்ட நானே பேசலாமேன்னு இருந்துச்சு."

"இங்க பேச வேணாம்னு யாருடா சொன்னா?"

"எங்க விட்டே நீ? இதோ இந்த சார் எத்தனை வருஷமா என் நாற்காலிலதான் உக்கார்றார். இவரைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நீ கேட்டு அவர் சொன்னதுதான். நானா இவர்கிட்ட பேசினது 'தலையைக் கொஞ்சம் குனிங்க சார்', அவ்வளவுதான். எப்பவாவது வாயைத் திறந்தா நீ முந்திக்கிறே. ஏதோ மெஷின்கிட்ட அத்தனை கதை சொல்றே, பக்கத்துல நிக்கிற என்கிட்ட ஒண்ணு கேக்க மாட்டேங்கிறே."

ரேடியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத் துண்டை எடுத்து, சுத்தமாகவே இருந்த சீப்பைத் துடைத்தார். இத்தனை வருஷமாக இவன் பேசத் தெரியாத பையன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. "தப்புதான்டா" என்றார். "போகாதேன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. இருந்தா நல்லா இருக்கும்."

தம்பி எதிர்க்கடையின் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பிரஷ்ஷை எடுத்து, காய்ந்துபோன நுரையின்மேல் புதிதாக நுரை போட்டான்.

"உங்க பொண்ணுக்கு வேலை கிடைச்சிடுச்சா சார்?" என்று கேட்டான்.

கிடைத்துவிட்டது. எந்தக் கம்பெனியில், எந்த ஊரில், அந்த வேலையில் சேரும் முன்பு அந்தப் பெண் எவ்வளவு அழுதாள், எல்லாமே ரேடியோவுக்குத் தெரியும். அவர் உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு, ஏஜென்ட் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.