கொரம்பு பிரித்த நாள்

ஐப்பசி ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணி. வானம் மூடிக்கிடந்தது, ஆனால் பெய்யவில்லை. அந்த ஆண்டு முழுக்க அப்படித்தான். கறுத்துக்கொண்டு வரும், ஒரு சொட்டு விழாது. அந்த நேரத்தில் மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மாவின் தம்பி, எங்கள் தொகுதியின் எம்.எல்.ஏ. இப்போதெல்லாம் ஒரு எம்.எல்.ஏ. எங்கள் ஊருக்கு வந்தால் பதினான்கு கார் வருகிறது. போன மாதம் நானே எண்ணினேன். மாமா பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்திருந்தார்.

மறுநாள் என் தங்கைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அதற்காக ஒரு நாள் முன்பே வந்துவிட்டார் என்று எல்லோரும் நினைத்தோம். அம்மா இலை போட்டுவிட்டாள். மாமா செருப்பைக் கழற்றவில்லை.

"நாளைக்கு வீட்டுக்கு வர்றேன்க்கா. இன்னிக்கு அத்தானைப் பாக்க வந்தேன்."

"அத்தான் உள்ளதானடா இருக்காரு. வா."

"அவரைக் கொஞ்சம் வெளியில வரச் சொல்லு."

அப்பா வெளியே வந்தார். ஒன்பது வேலி நிலம், அதாவது அறுபது ஏக்கர், அப்பாவுடையது. மாமா தேர்தலில் நின்றபோது வண்டி கொடுத்தது, ஆள் கொடுத்தது, மூன்று தெருவின் ஓட்டையும் திரட்டிக் கொடுத்தது எல்லாம் அப்பாதான். அதை அவர் அடிக்கடி சொல்வார். மாமா ஒருநாளும் மறுத்ததில்லை.

"கடைமடை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாமா அத்தான்?" என்று மாமா கேட்டார்.

அப்பா சலவை வேட்டியும் கரை போட்ட துண்டுமாகக் கிளம்பினார். எம்.எல்.ஏ.வோடு போனால் மாலை மரியாதை இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். பையனும் பார்க்கட்டும் என்று என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டார். எனக்கு ஒன்பது வயது. வழியில் மாமா லஸ்கரையும் கூப்பிட்டுக்கொண்டார். மதகைத் திறந்து மூடும் சர்க்கார் ஆளை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

எங்கள் நிலம் வாய்க்காலின் தலைப்பில், தண்ணீர் முதலில் வந்து சேரும் இடத்தில் இருந்தது. பாதி மேடு. மேட்டுக்குத் தண்ணீர் ஏற, வாய்க்காலுக்குக் குறுக்கே மூங்கில் முளை அடித்து, வைக்கோலும் தென்னை மட்டையும் அடைத்து, மணலைக் கொட்டித் தடுப்புப் போடுவார்கள். அதுதான் கொரம்பு. நம் முறை முடிந்ததும் பிரித்துவிட வேண்டும். மழை தவறிய பயத்தில் அப்பா அந்த ஆண்டும் பிரிக்கவில்லை. இரண்டரை மைல் கீழே, வாய்க்கால் முடிகிற கடைமடை ஊரில், நட்ட பயிர் காய்ந்துகொண்டிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் மாமாவிடம் போய் அழுதிருந்தார்கள். எங்கள் வீட்டில் அது யாருக்கும் தெரியாது.

கொரம்பருகே வந்ததும் மாமா நின்றார். அதைப் பார்த்தார். பிறகு கரையோடு கீழே நடந்தார். அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"இதுக்கா இவ்வளவு தூரம்? வீட்லயே பேசிருக்கலாமே மாப்ள. லஸ்கரை மாத்திடு. புது ஆள் வந்தா எல்லாம் சரியாயிடும்."

லஸ்கர் எங்கள் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார்.

"மூணு வருஷத்துல மூணு லஸ்கரை மாத்தியாச்சு அத்தான். கொரம்பு மாறலையே."

கடைமடையில் நாற்பது பேருக்குக் குறையாமல் வரப்பில் நின்றிருந்தார்கள். மாலை இல்லை, நாற்காலி இல்லை. மாமா பேசுவார் என்று காத்திருந்தேன். மேடையில் அவர் நன்றாகப் பேசுவார். அன்று பேசவில்லை. ஓரமாக ஒதுங்கிக்கொண்டார்.

"இவங்க கேக்குறதுக்கு நீங்க பதில் சொல்லுங்க அத்தான். எங்கிட்ட வேணாம். எங்கிட்ட சொன்னா நான் மச்சினன், சமாதானமாயிடுவேன்."

பிறகு ஒரு பெரியவர், இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"முறை முடிஞ்சு பன்னெண்டு நாளாச்சுங்க. ஏன் பிரிக்கல?"

"மேட்டு நிலம்யா. தண்ணி ஏற வேணாமா?"

"ஏறட்டுங்க," என்றாள் பின்னால் நின்ற ஒரு பெண். "ஏறி முடிச்சதும் ஒரு கடுதாசி போடுங்க. எங்க வயல்ல பசங்க கோலி ஆடுறானுங்க. எந்திரிச்சு வீட்டுக்குப் போகச் சொல்லணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் பிடி என் கையில் இறுகியது. அவர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா வயலின் வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். மாமா நிமிரவில்லை.

"பிரிக்கச் சொல்றேன்" என்றார் அப்பா.

"எப்பங்க?" அதே பெண்தான்.

"இன்னிக்கு."

"யாருகிட்டங்க சொல்லுவீங்க? லஸ்கர் அய்யா இங்க நிக்கிறாரு. அவரு சொல்லிச் சொல்லி ஓஞ்சு போனாரு."

அப்பா திரும்பி நடந்தார். எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். கொரம்பருகே வந்ததும், யாரையும் கூப்பிடாமல், சலவை வேட்டியோடு வாய்க்காலில் இறங்கி முதல் முளையைத் தானே பிடுங்கினார். பிறகு மற்றவர்கள் குதித்தார்கள். தேங்கிக் கிடந்த தண்ணீர் மணலை அறுத்துக்கொண்டு கலங்கலாகக் கீழே ஓடியது. மாமா கரையில் நின்று பார்த்தார். ஒரு கை கொடுக்கவில்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபம் அதற்காகத்தான். அப்பா சேற்றில் நிற்கும்போது மேலே நின்றுகொண்டிருக்கிறாரே என்று.

மறுநாள் காலை மாமா சீர்த்தட்டோடு வந்தார், இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு. அதற்கு ஒரு மணி நேரம் முன்பே காது குத்தியாகிவிட்டது. அப்பா நேரத்தை மாற்றிவிட்டார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறையில் யாரையோ பிடித்து அவர் மடியில் தங்கையை உட்கார வைத்திருந்தார்கள். மாமா தட்டை வைத்துவிட்டு, தங்கையைத் தூக்கிக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார். அவள் அழுது முடித்துத் தூங்கிப்போயிருந்தாள்.

அடுத்த தேர்தல் ஒன்றரை ஆண்டு கழித்து வந்தது. அதே வண்டிகள், அதே மூன்று தெரு, சின்னம் மட்டும் வேறு. அம்மாவை முதல் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். வண்டி கிளம்பும் முன் அப்பா பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார், அவள் தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் அம்மா கிணற்றடியில் உட்கார்ந்து ஓட்டுப்போட்ட விரலைப் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் சிவந்து தடித்துவிட்டது. நான் பள்ளியில் படித்ததை அவளுக்குச் சொன்னேன்: "அது அழியாத மைம்மா. தேய்ச்சா போகாது." அவளுக்கு அது தெரியாது என்று நினைத்தேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

கடைமடை ஊர் முழுவதும் மாமாவுக்கே போட்டது. அங்கே இருந்ததே நூற்று அறுபது ஓட்டுதான். எங்கள் மூன்று தெருவில் நானூற்று முப்பது. மாமா தோற்றது இருநூற்றுப் பதினோரு ஓட்டில். அதில் ஒன்று அம்மாவுடையது.