நாற்பத்திரண்டு அங்குல உளவாளி

சூசைநாதன். தந்தை பெயர் ஞானாதிக்கம். பிறப்பு: 1929 மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாள். ஊர் நெல்லித்தோப்பு. தொழில் தையல். 1951 முதல் மிஷன் வீதியை ஒட்டிய சந்தொன்றில் எட்டடிக்குப் பத்தடியில் ஒரு கடை. மனைவி புஷ்பமேரி, காஜா எடுப்பதும் கைத்தையலும் அவர் பொறுப்பு. 1971க்கும் 1979க்கும் இடையே சென்னையில் தயாரான ஐந்து உளவாளிப் படங்களில் கதாநாயகன் அணிந்த கோட்டுகள் அனைத்தும் இக்கடையில் தைக்கப்பட்டவை. மொத்தம் பதினான்கு. எந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலிலும் சூசைநாதன் பெயர் வரவில்லை.

ஐந்து படங்களுக்கும் நாயகன் ஒருவனே. உளவாளி தயாளன். ஏற்று நடித்தவர் பரஞ்சோதி. தயாளன் ஒவ்வொரு படத்திலும் வெளிநாட்டுக்குப் போவான். ஆனால் படக் கம்பெனிக்கு வெளிநாடு போக வசதியில்லை. புதுச்சேரிக்கு வந்து, பிரெஞ்சுக் காலத் துமா வீதியின் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் இரண்டு கார்களை நிறுத்தி, தொப்பி வைத்த நான்கு ஆட்களை நடக்கவிட்டால் பாரீஸ் கிடைத்தது. அதே வீதியை எதிர்த்திசையிலிருந்து எடுத்து மூன்றாம் படத்தில் ஜெனிவா ஆக்கினார்கள்.

முதல் படத்தின்போது சென்னையிலிருந்து கொண்டுவந்த கோட்டு கடற்கரைக் காற்றில் பாய்மரம்போல் உப்பியது. இயக்குநர் ஆதிமூலம் தலையிலடித்துக்கொண்டு, இந்த ஊரில் கோட்டுத் தைக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய சொல்தாக்கள் சூசைநாதனைக் கைகாட்டினார்கள். ஆண்டுதோறும் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினான்கில் பதக்கம் குத்திக்கொண்டு அணிவகுக்கும் அவர்களுக்கெல்லாம் தைத்தவர் அவர்தான். பரஞ்சோதியைப் பத்தடி முன்னும் பத்தடி பின்னும் நடக்கச் சொல்லிப் பார்த்தபின் அவர் சொன்னது ஒரே வாக்கியம்.

"மெட்ராஸ்காரரு ஆளை அளந்திருக்காரு சார், நடையை அளக்கலை."

அன்று தொடங்கியது அந்த உறவு.

சூசைநாதனிடம் ஓர் அளவு நோட்டு இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் இடப்புறம் உடம்பின் அளவு. வலப்புறம் தைத்து முடித்த கோட்டின் அளவு. நோட்டை அவர் எவருக்கும் காட்டுவதில்லை. சொல்தாக்களால் வந்த வழக்கம் அது. ஒரே படைப்பிரிவில் இருந்த பிரான்சுவாவும் சின்னக்கண்ணுவும் ஜூலை மாதம் நெருங்கினால் தனித்தனியே கடைக்கு வந்து, அடுத்தவர் வயிறு எத்தனை அங்குலம் என்று துருவுவார்கள். "வயித்தைச் சொல்றதுக்கு நான் ஆளில்லை முசியே. வேணும்னா அவரையே கட்டிப்புடிச்சுப் பாத்துக்குங்க" என்பது அவர் வாடிக்கையாகச் சொல்லும் பதில்.

பரஞ்சோதியின் பக்கங்களில் வலப்புறம் மாறவே இல்லை. ஐந்து படங்களிலும் கோட்டின் மார்புச் சுற்றளவு நாற்பத்திரண்டு அங்குலம். இடப்புறம் மாறியது. 1971: முப்பத்தொன்பது. 1973: முப்பத்தொன்பது. 1975: முப்பத்தெட்டு. 1977: முப்பத்தாறு.

நான்காம் படத்துக்கு அளந்தபோது, கடையில் வேறு யாரும் இல்லை.

"எவ்ளோ நாதன்?"

"முப்பத்தாறு சார்."

"டேப்பு பழசோ?"

"பழசுதான். பழைய டேப்பு நீளும். நீண்டா அளவு குறைச்சலாத்தான் காட்டும்."

"அப்ப டேப்பு மேலயே பழியைப் போட்டுருங்க." சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. பிறகு, தணிந்த குரலில், "தயாளன் இளைக்கக் கூடாது நாதன். இது இங்கயே இருக்கட்டும்" என்றார்.

சூசைநாதன் தலையசைத்தார். அன்று முதல் மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே கான்வாஸும் பஞ்சும் அடுக்கடுக்காக ஏறின. அடுக்குகளைக் கையால் தைத்தவர் புஷ்பமேரி. ஐந்தாம் படத்தின்போது உடம்பின் அளவு முப்பத்து நாலரை. அந்தப் படத்தில் தயாளன் கடலில் குதித்து நீந்திக் கரையேறி, நனைந்த கோட்டோடு மூவரை அடித்து வீழ்த்தினான். கொட்டகையில் விசில் அடங்க வெகு நேரமாயிற்று.

1980இல் பரஞ்சோதி ஆறாம் படத்தில் நடிக்க மறுத்தார். காரணம் சொல்லவில்லை. கம்பெனி சொன்னது: தலைக்கனம். சினிமாப் பத்திரிகைகள் அதையே வாரம் ஒரு விதமாக எழுதின. நுரையீரல் நோய் பற்றிய செய்தி அச்சில் வந்தது 1983இல், அவர் இறந்த மறுநாள்.

தொடரை நிறுத்தக் கம்பெனிக்கு மனமில்லை. தயாளன் என்ற பெயர் விற்றுக்கொண்டிருந்தது. மோகனதாஸ் என்ற புதிய நடிகரைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல உடற்கட்டு, மார்பு நாற்பது. கடந்த படத்தில் பயன்படாமல் எஞ்சிய துரத்தல் காட்சிகளைப் புதிய படத்தில் சேர்ப்பது ஆதிமூலத்தின் திட்டம். அவற்றில் பரஞ்சோதியின் முதுகு மட்டுமே தெரியும். முகம் தெரிய வேண்டிய இடங்களை மட்டும் மோகனதாஸை வைத்து எடுத்து ஒட்டிவிடலாம். அதற்கு அதே கோட்டு வேண்டும்.

1981 பிப்ரவரி 11, புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கோட்டோடு ஆதிமூலம் கடைக்குள் வந்தார். பின்னால் மோகனதாஸ்.

"நாதன், இது இன்னா மாயம்? பாக்க யானைக்குத் தச்ச மாதிரி இருக்குது. இவருக்குப் பொத்தான் போட முடியல. அந்தாளைவிட இவரு குண்டா?"

மோகனதாஸ் கோட்டை மாட்டிக் காட்டினார். தோள்கள் சரியாக உட்கார்ந்தன. முன்புறம் மட்டும் இரண்டு பொத்தான்களுக்கும் காஜாக்களுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி.

"மூச்சை இழுத்துப் புடிச்சா ஒண்ணு மாட்டுதுங்க. ஆனா வசனம் பேச முடியல" என்றார் அவர், குற்றம் சொல்லும் தொனி இல்லாமல்.

பக்கத்து டீக்கடைப் பக்கிரி தேநீர்த் தம்ளர்களைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். அவருக்கு இந்தக் கடையின் சினிமாத் தொடர்பு ஒரு நிரந்தர வேடிக்கை. ஒவ்வொரு படமும் வெளியானதும், "நாதா, கண்ணைத் தொறந்துகினேதான் பாத்தேன். மீசை ஒட்டினவன் பேரெல்லாம் வருது, உம் பேரு எங்கய்யா? பார்வைக்குத் தெரியாத உளவாளி நீதான்போல" என்பார். கடைத்தெருவில் பாதிப்பேர் சூசைநாதன் கோட்டுத் தைத்தார் என்பதையே நம்பவில்லை. புஷ்பமேரிக்கு இது முள். கணவர் பெயர் திரையில் ஒருமுறை வந்துவிட்டால் போதும் என்று அவர் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதும் உண்டு. சூசைநாதன் நேர்ந்துகொள்ளவில்லை, ஆனால் ஐந்து படங்களுக்கும் பெயர் ஓடத் தொடங்குமுன்பே இருக்கையில் அமர்ந்திருந்தார்.

ஆதிமூலம் கோட்டின் மார்பை இரண்டு விரலால் பிடித்து அழுத்தினார்.

"உள்ள ஏதோ கெட்டியா இருக்கே. எனக்கு ஒரு சந்தேகம் நாதன். அந்தாளு உள்ளுக்குள்ள நோஞ்சான்னு நம்ம லைட்மேன் சொல்றான். நீ திணிச்சுக் குடுத்தியா?"

சூசைநாதன் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டினார்.

"நேரா சொல்றேன். அந்த அளவு நோட்டை எடு. பத்திரிகைக்காரனைக் கூட்டியாரேன். 'பழைய தயாளன் பஞ்சு, புதிய தயாளன் இரும்பு' அப்படின்னு போடுவான். நோட்டோட உன்னையும் போட்டோ எடுப்பான். படத்துல தனி கார்டு: உடை, சூசைநாதன், புதுச்சேரி. இனி வர்ற எல்லாப் படத்துக்கும் நீதான். கோட்டைப் பிரி, இங்கயே பாத்துடுவோம்."

"தனி கார்டா?" என்றார் பக்கிரி.

தையல் இயந்திரத்துக்குப் பின்னால் புஷ்பமேரியின் ஊசி நின்றது. நோட்டு அவர் முழங்காலுக்கு அருகே, இழுப்பறையில் இருந்தது.

சூசைநாதன் கோட்டை வாங்கி, ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, தடவிப் பார்த்து, மேசைமேல் வைத்தார்.

"திணிக்கல சார். கான்வாஸ் சுருங்கியிருக்கு. போன படத்துல கடல்ல குதிச்சாருல்ல, அப்ப நனைஞ்சிருக்கு. தைக்கறதுக்கு முன்னாடி கான்வாஸை ஊறவெச்சு ஒணத்தி எடுத்திருக்கணும். செய்யல. சுருங்கி, திரண்டு கெட்டியா பூடுச்சு. என் தப்புதான்."

கான்வாஸை நனைத்துக் காயவைப்பது தையல்காரர் முதல் வாரத்தில் கற்கும் வேலை. இது தெரியாதவர் அந்தச் சந்தில் பக்கிரி உட்பட எவருமில்லை.

"முப்பது வருஷமா தைக்கிறே!" என்றார் ஆதிமூலம்.

"ஆமாம் சார்."

"கான்வாஸை நனைக்காம?"

"மறந்துட்டேன்."

"நோட்டு?"

"நோட்டு யாருக்கும் காட்டறதில்ல சார். அவரோட அளவு வேணும்னா அவரையே கேளுங்க."

ஆதிமூலம் நம்பினாரா என்பது தெரியவில்லை. கையிலிருந்த தேநீரைக் குடிக்காமல் பக்கிரியிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நாலு மணிக்குப் படப்பிடிப்பு. இவருக்கு மாட்டற மாதிரி பண்ணிக் குடு. அதோட சரி. நனைக்கத் தெரியாதவன் பேரைத் திரையில போட்டா ஊரு சிரிக்கும்."

போகும்போது மோகனதாஸ் மட்டும் திரும்பி, "தோளு ரொம்ப நல்லா உக்காருதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சூசைநாதன் கடையின் கதவை உட்புறம் தாழிட்டார். பகலில் அக்கதவு சாத்தப்பட்டது அதுவே முதன்முறை. இருவருமாக உள்துணியைப் பிரித்தார்கள். புஷ்பமேரி தாம் போட்ட தையலைத் தாமே அறுத்து, அடுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். கான்வாஸ் எங்கும் சுருங்கியிருக்கவில்லை.

"உங்க வாயாலயே தப்புன்னு சொன்னீங்களே."

"வேற இன்னா சொல்றது?"

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"தெரியாதுன்னா பிரிச்சுப் பாப்பாங்க. என் தப்புன்னா எதுக்குப் பிரிக்கப் போறாங்க?"

"பரஞ்சோதி சாரு இதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுவாரா? அவருக்கு இது தெரியவாவது தெரியுமா?"

"தெரியாது."

புஷ்பமேரி அடுக்குகளைத் தலையணை உறைக்குள் போட்டுத் தைத்துவிட்டார். மூன்றே முக்காலுக்குக் கோட்டு போயிற்று. மோகனதாஸுக்கு இரண்டு பொத்தான்களும் பொருந்தின.

செய்தி அன்று மாலைக்குள் மிஷன் வீதியின் இரு முனைகளையும் எட்டியது. பக்கிரியின் கைங்கரியம். ஆனால் அவர் வழக்கமான கேலியைச் செய்யவில்லை. மறுநாள் காலை தேநீரை வைத்துவிட்டு, "யாருக்கும் ஒரு தடவை சறுக்கும் நாதா" என்றார். அது கேலியைக் காட்டிலும் சுருக்கென்றிருந்தது. அவ்வாண்டு ஜூலைக்கு முன்பாக பிரான்சுவா தம் துணியை வேறு கடைக்குக் கொண்டுபோனார். சின்னக்கண்ணு வந்தார், அளவு கொடுத்து முடித்து, வாசல்வரை போய்த் திரும்பி, "கான்வாஸை நனைச்சிடுவேல்ல?" என்று கேட்டார்.

"நனைச்சிடறேன் முசியே" என்றார் சூசைநாதன்.

ஆறாம் படம் 1982 பொங்கலன்று வெளியாயிற்று. இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்தபின் கணவனும் மனைவியும் மதியக் காட்சிக்குப் போனார்கள். பாதி இருக்கைகள் காலி. பெயர்கள் ஓடுமுன்பே அமர்ந்துவிட்டார்கள். பெயர்கள் ஓடின. 'உடை' என்ற சொல்லுக்குக் கீழே சென்னையைச் சேர்ந்த ஒரு கடையின் பெயர் வந்தது. பிறகு துமா வீதி வந்தது. இம்முறை அது ரோம். தயாளன் முதுகைக் காட்டி ஓடினான், திரும்பினான், மீண்டும் முதுகைக் காட்டினான்.

"இது பழையவரு" என்று புஷ்பமேரி காதோடு சொன்னார். சற்றுப் பொறுத்து, "இது புதுசு." பிறகு, "மறுபடி பழையவரு."

முன் வரிசையில் ஒருவர் திரும்பி, "அம்மா, படம் பாக்க விடுங்க. எல்லாம் ஒரே ஆளுதான்" என்றார்.

சூசைநாதன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் எங்கும் சுருங்கவில்லை.

கொட்டகையிலிருந்து நெல்லித்தோப்புக்கு நடந்தே திரும்பினார்கள். பாதி வழியில், பெயர்ப் பட்டியலைத் தொடக்கத்திலிருந்து விரல்விட்டு எண்ணி வைத்திருந்ததாகப் புஷ்பமேரி சொன்னார். எத்தனை என்று சூசைநாதன் கேட்டார்.

நாற்பத்தேழு பேர்.