தீவாளி டீமின் கீப்பர்

பாண்டிலட்சுமி கோல்கீப்பரானதற்குக் காரணம், அவளுக்கு ஓடப் பிடிக்காது என்பதுதான். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று கால்பந்து டீம் சேர்த்தபோது, உயரமாக இருக்கிறாளே என்று அவளைப் பின்பெஞ்சிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் பொட்டலைச் சுற்றி மூச்சிரைக்க ஓடும்போது, அவள் இரண்டு கம்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டாள். நிற்கலாம், பந்து வந்தால் விழலாம், எழுந்து முன்னால் நிற்கிறவளைத் திட்டலாம். அந்த வேலை அவளுக்கு ஒத்துப்போனது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அந்த டீம் அப்படியே பட்டாசுக் கம்பெனிக்கு இடம்பெயர்ந்தது என்றே சொல்லலாம். எம். புதுப்பட்டிக்குத் தெற்கே இருக்கும் அவர்கள் ஊரில் விடிந்ததும் கம்பெனி வேன் வந்து ஆரன் அடிக்கும். அதில் ஏறாமல் தப்பியவள் கிருபா ஒருத்திதான். அவளுடைய அப்பா வாத்தியார் என்பதால் அவளை நர்ஸிங் படிக்க வைத்தார். மதுரையில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். மற்றவர்களில் சிலரைத் திருப்பூருக்கும் கோவில்பட்டிக்கும் கட்டிக்கொடுத்தார்கள். கேப்டனாக இருந்த சினேகா நாரணாபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். ஊர் மாறினாலும் அவளுக்குக் கம்பெனி மாறவில்லை. புருஷனும் மாமியாரும் அவளும் அதே கேட்டுக்குள்தான் நுழைந்தார்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் கம்பெனி கேட்டைச் சாத்தினால், மறுபடி திறக்க ஒரு மாசம்போல ஆகும். கட்டிக்கொடுத்த பிள்ளைகளும் அப்போதுதான் பிறந்த வீட்டுக்கு வருவார்கள். கிருபாவுக்கும் எப்படியோ லீவு கிடைத்துவிடும். பழைய டீம் கூடுவதற்கு வருஷத்தில் வாய்த்தது அந்த ஒரு நாள்தான், தீபாவளிக்கு மறுநாள். அதை வைத்து டீமுக்குப் பெயர் சூட்டியவள், இடது ஓரத்தில் ஆடுகிற பொன்மணி.

“வருசம் பூரா ஊரு உலகத்துக்கெல்லாம் தீவாளி செஞ்சு லோடு ஏத்துறோம். நமக்குன்னு ஒண்ணு வேண்டாமா?” என்றாள்.

தீபாவளி மகளிர் கால்பந்துக் கழகம் என்று பேனரில் எழுதினார்கள். ஊர் வாயில் அது தீவாளி டீம். மஞ்சள் பனியன், நெஞ்சில் புஸ்வாணம் பூத்துச் சிதறுகிற படம். சாத்தூரிலிருந்து ஒரு பெண்கள் டீம் வேனில் வரும். கோல் விழுந்தால் ஒரு சரம் கொளுத்துவார்கள். எதிராளி போட்டாலும் கொளுத்த வேண்டும், அது பொன்மணி போட்ட சட்டம்.

“ஏண்டி, நான் விட்ட கோலுக்குமா வெடி?” என்று பாண்டிலட்சுமி கத்துவாள்.

“நல்ல நாளும் அதுவுமா என்னடி ஒன்னோடது என்னோடதுன்னு?” என்று இடது ஓரத்திலிருந்து பதில் வரும்.

பொன்மணிக்கு இடதுகால்தான் வாகு. செருப்புகூட இல்லாமல்தான் ஆடுவாள். பந்து அவள் காலுக்குப் போனால், சைக்கிளில் போகிறவர்கள்கூட ஒரு காலை ஊன்றி நின்று பார்ப்பார்கள். கம்பெனி வேனில் அவளும் பாண்டிலட்சுமியும் ஒரே சீட்டு. இருவருக்கும் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. பாண்டிலட்சுமியின் அப்பா முத்துக்கருப்பனுக்கு நெஞ்சு கெட்டுப்போய் வேலைக்குப் போக முடியாத நிலை. பொன்மணிக்கு அப்பா இல்லை, அம்மா அய்யம்மாள் மட்டும்தான்.

அது சீசன் உச்சத்தில் இருந்த ஆவணி மாசம். ஆர்டர் நெருக்கியது. மருந்து அடைக்கிற ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று சுவரிலேயே எழுதியிருக்கும். அன்றைக்கு அதைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்படியும் ஒருத்தி குறைகிறாள் என்று, பேக்கிங் ஷெட்டில் பாண்டிலட்சுமிக்குப் பக்கத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பொன்மணியைப் போர்மேன் ராஜபாண்டியன் கூப்பிட்டார். அவள் பசைக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னால் ரூம் வெடித்தது.

பாண்டிலட்சுமி ஓடிப்போய்ப் பார்க்கும்போது பொன்மணி தானாகவே நடந்து வந்துகொண்டிருந்தாள். அது அவள்தான் என்பது நடையை வைத்துத்தான் தெரிந்தது.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் யாரையும் கிட்டே விடவில்லை. கிருபா வேறு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாலும், தெரிந்த நர்ஸுகளைப் பிடித்துப் பாண்டிலட்சுமியைக் கொஞ்ச நேரம் உள்ளே கூட்டிப்போனாள். கொசுவலை மாதிரி ஒன்றுக்குள் பொன்மணி கிடந்தாள். குரல் மட்டும் மாறாமல் இருந்தது.

“பாண்டி, ரூமுக்கு வெளிய எஞ்செருப்பு கெடக்கும். போன வாரம் வாங்குனதுடி. எடுத்து வச்சியா?”

“எடுத்து வச்சிட்டேன்” என்று பாண்டிலட்சுமி பொய் சொன்னாள். ரூம் இருந்த இடத்தில் சுவரே இல்லை.

வெளியே வந்ததும் கிருபா அவளை வராந்தாவில் உட்கார வைத்தாள். “நல்லாத்தானடி பேசுறா?” என்று பாண்டிலட்சுமி கேட்டாள். “பேசுவாக. கடைசி வரைக்கும் பேசுவாக” என்று சொல்லிவிட்டுக் கிருபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து ஆம்புலன்ஸ் ஊருக்குள் வந்தது.

ராஜபாண்டியனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜாமீனில் வந்தார். கம்பெனியைப் பூட்டி சீல் வைத்தார்கள். தீபாவளி நெருங்கியதும் சீல் உடைத்துத் திறந்துவிட்டார்கள். முதல் நாள் வேன் ஆரன் அடித்தபோது பாண்டிலட்சுமி வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, இரண்டாம் நாளும் வரவில்லை. அப்பா சுவரைப் பார்த்து இருமிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் ஏறிவிட்டாள். பக்கத்துச் சீட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருஷம் மேட்ச் நடக்காது என்றுதான் பாண்டிலட்சுமி நினைத்திருந்தாள். ஆனால் கேட்டைச் சாத்துவதற்கு முந்தின நாள், ராஜபாண்டியன் சினேகாவையும் அவளையும் கூப்பிட்டனுப்பினார். ஜெயிலுக்குப் போய்வந்ததிலிருந்து அவர் யாரையும் நேருக்கு நேர் பார்ப்பதில்லை.

“மொதலாளி சொல்லிவிட்டாக. இந்த வருசம் ‘பொன்மணி நினைவுக் கோப்பை’ன்னு நடத்தணுமாம். புது பனியன், மேடை, மைக்செட்டு, மதியம் பிரியாணி எல்லாம் கம்பெனி பாத்துக்கிடும். போட வேண்டிய சரத்தையும் தந்துருவாக.”

பனியன் பார்சல் அங்கேயே இருந்தது. பாண்டிலட்சுமி ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தாள். நெஞ்சில் அதே புஸ்வாணம், முதுகில் கம்பெனிப் பெயர். மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

தீபாவளியன்று சாயங்காலம் எல்லோரும் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூடினார்கள். ஊர் முக்கில் அதற்குள் பிளக்ஸ் கட்டியிருந்தது. ஒரு பக்கம் கும்பிட்டபடி முதலாளி, மறுபக்கம் ஆதார் அட்டையிலிருந்து எடுத்த பொன்மணியின் படம்.

“கொன்னவன் பனியனப் போட்டுக்கிட்டு அவ பேருல ஆடணுமாக்கும்?” என்றாள் பாண்டிலட்சுமி. “நான் வரல. நீங்களும் போகக்கூடாது.”

 கிருபா மட்டும், “அவ சொல்றது சரிதான். வேணாம்னு சொல்லிருவோம்” என்றாள்.

சினேகாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒனக்கென்ன, மதுரையில ஊசி போட்டுச் சம்பாதிக்க. எங்க வீட்டுல மூணு பேரு அங்கனதான் கெடக்கோம். நாளைக்குக் கேட்டு தெறக்கும்போது, நீங்க வேணாம்னுட்டா நான் யாரு வாசல்ல போயி நிக்க? பொன்மணி எனக்கு மட்டும் ஆகாதவளா?”

“அப்ப அய்யம்மா பெரியம்மாவ நெனச்சுப் பாரு. அவுக வீடு பொட்டலுக்கு எதுத்தாப்புல. ஒவ்வொரு கோலுக்கும் நீ சரம் கொளுத்துனா அந்தப் பொம்பள எப்படித் தாங்கும்?” என்றாள் பாண்டிலட்சுமி.

“அவுகட்ட நீ கேட்டியா?” என்றாள் சினேகா.

பாண்டிலட்சுமி கேட்கவில்லை. இதையெல்லாம் கேட்க வேறு வேண்டுமா என்றிருந்தது அவளுக்கு. கூட்டம் கலைந்தபோது அவள் பக்கம் கிருபா மட்டும்தான் நின்றாள். அவளும் மறுநாள் காலை டியூட்டிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று முதல் பஸ்ஸிலேயே மதுரைக்குப் போய்விட்டாள்.

விடிய விடிய மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. கரிசல் மண் காலோடு ஒட்டி வந்தது. வெடிச்சத்தம் கேட்கும்போது அய்யம்மாள் தனியாக இருக்கக் கூடாது, கதவைச் சாத்திக்கொண்டு கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு பாண்டிலட்சுமி அவள் வீட்டுக்குப் போனாள். வீடு பூட்டிக் கிடந்தது.

ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, “அவுகள அப்பயே கார் வச்சுக் கூட்டிட்டுப் போய்ட்டாகளே. மேடைக்கு” என்றாள்.

பாண்டிலட்சுமி கருவேலஞ்செடி ஓரமாகவே நடந்து பொட்டலுக்குப் பின்புறம் போய் நின்றாள். மேடையில் முதலாளிக்குப் பக்கத்து நாற்காலியில் அய்யம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடிப்புக் கலையாத புதுப்புடவை கட்டியிருந்தாள். மைக்கில் ஒருவர் பொன்மணியின் பெயரை ஏற்ற இறக்கமாகச் சொல்லிச் சொல்லிப் பேசினார். மேட்ச் தொடங்கியதும் சாத்தூர்ப் பிள்ளைகள் சுலபமாக ஒரு கோல் போட்டார்கள். பாண்டிலட்சுமிக்குப் பதிலாகக் கீப்பர் நின்ற பிள்ளை கையை நீட்டக்கூட இல்லை. கம்பெனி ஆட்கள் சரத்தைப் பற்ற வைத்தார்கள். அது பெரிய சரம். வெடித்துக்கொண்டே இருந்தது.

மேடையில் அய்யம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்தாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கத்திலிருந்தவர்கள் ஆட்டத்தைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த சரத்தை விரிப்பதற்குள் பாண்டிலட்சுமி பொட்டலுக்குள் இறங்கிவிட்டாள். ஆட்டத்துக்கு நடுவே குறுக்காக நடந்தாள். குடிதண்ணீர் வைத்திருந்த டிரம்மை இரண்டு கையாலும் தூக்கிச் சரப்பெட்டிகளின் மேல் கவிழ்த்தாள். மிச்சமிருந்ததைக் காலால் சேற்றுக்குள் மிதித்தாள். ஒருத்தன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். சினேகா பந்தை விட்டுவிட்டு ஓடிவந்து, “வுடுங்கண்ணே, நான் கூட்டிட்டுப் போறேன்” என்று அவளை அணைத்துக்கொண்டாள். முதலாளி எழுந்து காரில் ஏறினார். மைக்கை அணைத்துவிட்டார்கள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

அய்யம்மாள் மேடையிலிருந்து இறங்கி நேரே பாண்டிலட்சுமியிடம் வந்தாள். அவள் கட்டிப்பிடித்து அழப்போகிறாள் என்றுதான் பாண்டிலட்சுமி நினைத்தாள்.

“ஏண்டி இப்படிப் பண்ணுன?” என்று அய்யம்மாள் கத்தினாள். “எம்பிள்ள செத்தப்ப டீவியில ‘மேலும் ஒருவர் பலி’ன்னு போட்டான். பேருகூடச் சொல்லல. இன்னைக்கித்தான ஊரு கேக்க அவ பேரச் சொன்னாக. வெடிச்சா வெடிச்சிட்டுப் போகுது, நான் பொத்திக்கிட்டு இருந்துட்டுப் போறேன். ஒனக்கு என்னடி வந்துச்சு?”

பாண்டிலட்சுமி அந்தப் புதுப்புடவையின் கீழ்ப்பக்கமெல்லாம் சேறாகியிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கம்பெனி திறந்தபோது வேன் அவள் தெருவுக்குள் வரவில்லை. யாரும் அவளை வேலையை விட்டு நிறுத்தியதாகச் சொல்லவுமில்லை. சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் வேலை கேட்டுச் சேர்ந்தாள். தேதித் தாள்களை வரிசை பிசகாமல் அடுக்கி, மேல்விளிம்பில் தகரப் பட்டை அடிக்கக் கொடுக்கிற வேலை. நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். ஆனாலும் பெரிய சத்தத்தோடு ஏதாவது கீழே விழுந்தால், நடையை மட்டும் வைத்து அடையாளம் தெரிந்த அந்த உருவம் அவள் கண்முன் வந்து நின்றது. அப்பா அந்தப் பங்குனியில் செத்துப்போனார். சினேகா வந்து ராத்திரி முழுக்கக் கூட இருந்தாள். அய்யம்மாள் எழவுக்கு வந்தாள், ஒப்பாரி வைத்தாள், பாண்டிலட்சுமியோடு பேசாமலே போனாள்.

மறுவருஷம் கோப்பையைப் பற்றி யாரும் பேசவில்லை. முதலாளி லைசென்ஸை வேறு யாருக்கோ கைமாற்றிவிட்டார் என்று சொன்னார்கள். சாத்தூர் டீமுக்கு வழக்கமாகப் போன் போடுகிறவள் பாண்டிலட்சுமிதான், அவள் போடவில்லை. திருப்பூர்ப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். தெருவில் பார்த்து, எப்படி இருக்கே என்று கேட்டதோடு சரி.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அய்யம்மாள் வாசலில் வந்து நின்றாள். ஒரு வருஷத்துக்குள் ஆளே பாதியாகியிருந்தாள்.

“இந்த வருசம் வெளையாட்டு கெடையாதாக்கும்?”

“இல்ல பெரியம்மா.”

“மைக்செட்டுக்காரன் வந்த மாரி இருந்துச்சே?”

“அது கல்யாண வீட்டுக்கு பெரியம்மா. உள்ள வாங்க, காப்பி போடுறேன்.”

அய்யம்மாள் உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தாள். பாண்டிலட்சுமி டம்ளரை அவள் கையில் கொடுத்தாள். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அய்யம்மாள் அதைக் குடிக்காமலே, “அவ பேரு போட்ட அந்தப் பிளக்ஸு இருந்துச்சுல்ல, அத யாரு எடுத்துட்டுப் போனான்னு ஒனக்குத் தெரியுமாடி?” என்று கேட்டாள்.

பாண்டிலட்சுமிக்குத் தெரியும். டீக்கடைக்காரர் அதை மழைக்கு ஒழுகாமலிருக்கக் கூரை மேல் விரித்திருந்தார். எழுத்துப் பக்கம் உள்ளே இருந்தது. “தெரியல பெரியம்மா” என்று சொல்லிவிட்டு, மிச்சத் துணியை அலசுவதற்காக வெளியே போனாள்.