பங்குனியில் வந்த பொறிவண்டுகள்

ஓசூரை அடுத்த தளிப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் வேலை பார்த்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் ஏதோ சினிமாவில் டூயட் பாடுகிற இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் தோட்டத்துக்கு வானமே கிடையாது. மேலே பிளாஸ்டிக் கூரை, நாலு பக்கமும் வலை, உள்ளே நீளநீளமாகப் பாத்திகள். பாலிஹவுஸ் என்போம். மாசிப் பனி விலகி வெளியே புங்கமரம் துளிர்க்கும்போது உள்ளே எங்களுக்கு வேர்த்துக் கொட்டும். வசந்தம் வந்தது எங்களுக்கு அப்படித்தான் தெரியும்.

அந்தப் பங்குனியில் எனக்கு இரண்டாம் மாதம். வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் முடியும்வரை எங்கள் வீடுகளில் இதை வெளியே மூச்சு விடமாட்டார்கள், கண் பட்டுவிடுமாம். முந்தின தடவை நான் சந்தோஷம் தாங்காமல் தோட்டத்துப் பெண்களிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நாளில் கலைந்துவிட்டது. என் வாய்தான் காரணம் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். எனக்குச் சந்தேகம் பூச்சிமருந்தின் மேல்தான். டாக்டரம்மாவும் மருந்தடிக்கிற இடத்தில் நிற்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். ஆனால் வீட்டுக்காரருக்கு ஓசூர் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, எப்போது நிறுத்துவார்கள் என்று தெரியாது. நானும் வேலையை விட்டால் சோற்றுக்கு என்ன செய்வது?

"வேலைக்குப் போ. வாயை மட்டும் தொறக்காத" என்றார் மாமியார்.

அதனால் மருந்தடிக்கும் நாளெல்லாம் தலைவலி, வயிற்றுவலி, தூரத்து உறவில் சாவு என்று லீவு போட்டேன். சொந்தக்காரர்களை இப்படிச் சாகடித்துக்கொண்டே எத்தனை நாள் ஓட்டுவது?

அப்போதுதான் பொறிவண்டுகள் வந்தன. மொட்டுகளின் கழுத்தில் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடந்தது. அதைத் தின்ன, வலையின் கிழிசல் வழியாக நுழைந்திருக்க வேண்டும். சிவப்பு முதுகு, கறுப்புப் புள்ளி. ஒன்று என் கையுறையில் ஏறி விரல் நுனிவரை நடந்து, பறந்து, நேராகக் கூரையில் போய் முட்டி விழுந்தது. எழுந்து மறுபடியும் முட்டியது. வந்த வழி மறந்துபோச்சா என்று அதைத் திட்டினேன். திட்டினாலும் எனக்கு அவற்றின் மேல் அப்படி ஓர் ஆசை. இவை அசுவினியைத் தின்று தீர்த்தால் மருந்தடிப்பு தள்ளிப்போகும், என் மூன்று மாதமும் முடிந்துவிடும். நன்றாகத் தின்னுங்கள் தாயே என்று மனதுக்குள் கும்பிட்டேன். அசுவினி குறையவும் செய்தது.

ஒருநாள் காலை சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். யுகாதிக்குப் பெங்களூர் போன பூக்கட்டு ஒன்றில் பொறிவண்டு இருந்ததாம், கட்டையே திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"நல்ல பூச்சி, கெட்ட பூச்சியெல்லாம் எனக்கு வேணாம். பூவுல எதுவும் இருக்கக் கூடாது. இப்பவே அடிச்சிடுங்க."

எதை நம்பி இருந்தேனோ அதுவே மருந்தை அழைத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒரு கோடியில் மோட்டார் ஓடத் தொடங்கியது. வாயில் துணி கட்டிக்கொண்டு மறு கோடியில் பூ வெட்டுங்கள் என்றார்கள். மற்ற பெண்கள் முந்தானையை இழுத்துக் கட்டினார்கள். நான் கத்தரியைக் கீழே வைத்தேன்.

"நான் வெளிய போறேன் சார்."

"ஏம்மா, இன்னைக்கு யாரு செத்தாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"யாரும் சாவக் கூடாதுன்னுதான் சார். நான் முழுவாம இருக்கேன்."

சிரிப்பு நின்றது. சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. "அப்ப கொழந்த பொறந்தப்புறம் வாங்கம்மா. இங்க உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் பதில் சொல்ல முடியாது" என்றார். டிபன் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளே வண்டுகளுக்கு என்ன ஆகும் என்று தெரியும், அதனால் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கரு தங்கியது, ஐப்பசியில் மகள் பிறந்தாள். பஸ்ஸுக்கு நின்ற அந்தக் காலையில் அது எனக்கு எப்படித் தெரியும்? வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வேலை போனதை மாமியாரிடம் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"நீ சொல்லும்போது எத்தினி பேரு இருந்தாங்க?"

"எல்லாரும்தான்."

உடனே என்னைக் கிழக்குப் பார்க்க உட்கார வைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி, கொல்லை அடுப்பில் போட்டார். மிளகாய் கமறினால் அந்தச் சாக்கில் கொஞ்சம் அழுதுகொள்ளலாம் என்று காத்திருந்தேன். கமறவே இல்லை.

"பாத்தியா, நெடியே காணோம். அத்தினியும் கண்ணு, எரிஞ்சி போச்சி" என்றார், நிஜமான சந்தோஷத்தோடு. "இனிமே நீ வாசப்படி தாண்ட வேணாம்."

சாக்கு எதுவும் இல்லாமலேயே அழுதேன்.